தாண்டிக்குடி ஜீப்புக்குப் பழைய இரும்புக் கடை ஆக்ஸில்

தாண்டிக்குடி மலையில், மங்களங்கொம்பிலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் போகும் மண்பாதையில் ஒரு பாறை ஏற்றம் இருக்கிறது. ஊற்றுத் தண்ணீர் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். பாசி பிடித்து வழுக்கும். இரண்டு வருடத்துக்கு முந்தைய டிசம்பரில் பதினொரு மூட்டை காப்பிப் பழத்தோடு அதில் ஏறிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து 'டக்'கென்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, சுள்ளி ஒடிந்த மாதிரிதான். இன்ஜின் உறுமுகிறது, கியர் விழுந்திருக்கிறது, வண்டி மட்டும் ஏறவில்லை. அப்புறம் மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது.

ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்தேன். நிற்கவில்லை. கால் பிரேக்கை மிதித்ததும் நின்றது. காலை எடுத்தால் போகிறது. கூட வந்த தம்பி குதித்து இறங்கி, கல் தேடி இரண்டு சக்கரத்துக்கும் அண்டைக் கொடுக்கும் வரை, கால் நடுங்க நடுங்க மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம் பள்ளம். கீழே யாரோ மிளகுக் கொடிக்கு ஏணி சாய்த்துக்கொண்டிருந்தது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பழைய மஹிந்திரா ஜீப் ஓட்டுபவர்களுக்குத் தெரிந்திருக்கும், இதில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. இன்ஜின் இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் டிரான்ஸ்பர் கேஸ். அதன் பின்பக்கம், ஆக்ஸிலுக்குப் போகும் ஜாயின்ட் சாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன டிரம், அதைத்தான் பிடிக்கிறது. டிரம் நின்றால் ஜாயின்ட் நிற்கும், ஜாயின்ட் நின்றால் பின்சக்கரம் நிற்கும் என்பது கணக்கு. நடுவில் ஒன்று அறுந்தால் கணக்கு தப்பு. ஒரு பக்கம் அறுந்தாலே போதும். நல்ல பக்கச் சக்கரம் பின்னால் உருள, அறுந்த பக்கத்து சாஃப்ட் எதிர்த்திசையில் சும்மா சுற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஃபோர் வீல் லீவரைப் போட்டிருந்தால் முன்சக்கரம் வழியாக ஹேண்ட்பிரேக் பிடித்திருக்கும். இது எனக்குத் தோன்றியது மூன்று நாள் கழித்து, குளித்துக்கொண்டிருக்கும்போது.

வத்தலக்குண்டில் நாங்கள் பெரியண்ணே என்று கூப்பிடும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வலது பின் ஹப்பைக் கழற்றிக் காட்டினார். இந்த வகை ஆக்ஸிலில் சாஃப்ட்டின் வெளிமுனை கூம்பு மாதிரி ஒடுங்கி வரும். ஹப்பும் உள்ளே அதே கூம்பு. இரண்டுக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு கீ, முனையில் பெரிய நட்டு. கீதான் சக்கரத்தைச் சுற்றுகிறது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நட்டை முழு பலத்தில் இறுக்கும்போது கூம்பும் கூம்பும் கவ்விக்கொள்கிறதே, அந்தப் பிடிதான் பாரத்தை இழுக்கிறது. நட்டு தளர்ந்தால் பாரம் முழுவதும் கீ மேல் வரும். எங்களுடையது கத்தரித்த மாதிரி வெட்டுப்பட்டிருந்தது.

"ஆக்ஸில் மேல பழி போடாத தம்பி. நட்டு இறுகல, அவ்வளவுதான்" என்றார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் ஒரு கீ, ஒரு ஹப், ஒரு நாள் வேலை. நான் கேட்கவில்லை. கால் நடுங்கியது மறக்கவில்லை. நட்டு முழுக்கக் கழன்றிருந்தால் சக்கரமே தனியாகப் போயிருக்கும் என்ற நினைப்பும் விடவில்லை. நமக்கு வேண்டியது ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸில் என்று முடிவுகட்டிவிட்டேன்.

வித்தியாசம் இதுதான். எங்கள் ஜீப்பில் இருந்தது செமி ஃப்ளோட்டிங். அதில் வண்டியின் எடையைத் தாங்குவதும் சாஃப்ட், சக்கரத்தைச் சுற்றுவதும் சாஃப்ட். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் ஹப் இரண்டு பேரிங்கில், ஆக்ஸிலின் வெளிக்கூடான ஹவுசிங்கின் முனைமேலேயே உட்கார்ந்திருக்கும். எடை அதோடு முடிந்தது. சாஃப்ட் சுற்ற மட்டும்தான். அது ஒடிந்தாலும் சக்கரம் இடத்தில் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ராணுவ ஜீப்பின் பின் ஆக்ஸில் இந்த வகைதான். போர் முடிந்து சிவில் வண்டியாக விற்க ஆரம்பித்த கொஞ்ச காலத்திலேயே செமி ஃப்ளோட்டிங்குக்கு மாற்றிவிட்டார்கள். நம்முடைய பழைய சிஜே ஜீப்புகள் அந்த வழியில் வந்தவை.

முதல் ஆக்ஸிலை வாங்கி ஏமாந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில், விபத்தில் நொறுங்கிய ஒரு டீசல் பிக்கப்பின் பின் ஆக்ஸில் மலிவாகக் கிடைத்தது. பார்க்கவே கனம். சரி என்று மறுநாளே ஏற்றிக்கொண்டு வந்தேன். பெரியண்ணே அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல டிஃபரன்ஷியல் நடுவுல இருக்கு. நம்ம வண்டியில எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார். டிஃபரன்ஷியல் என்பது ஆக்ஸிலில் உருண்டையாகத் தெரியும் பல்சக்கரப் பெட்டி. ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸில் முன்னும் பின்னும் ஜாயின்ட் புறப்படுவது வலது பக்கமாக. அதற்கு நேராக டிஃபரன்ஷியலும் வலப்பக்கம் தள்ளி இருக்கும். நடுவில் இருப்பதைப் பூட்டினால் இரண்டடி ஜாயின்ட் குறுக்கே சாய்ந்து ஓட வேண்டும். ஜாயின்ட் முனையில் மடங்கிக் கொடுக்கும் கிராஸ் ஒரு வாரம் தாங்காது. வாங்கிய விலையில் பாதிக்குத் திரும்ப விற்றேன். கையில் ஒரு டேப் இருந்து, ஸ்பிரிங் பட்டைக்கும் டிஃபரன்ஷியல் மையத்துக்கும் இடையே ஒரே ஒரு அளவு எடுத்திருந்தால் அந்தப் பணம் மிச்சம்.

இரண்டாவது முறை பெரியண்ணேயைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். ராணுவ ஏலத்தில் வந்த சரக்கு என்றார் கடைக்காரர். முன், பின் இரண்டும் ஜோடியாக, பச்சைப் பெயிண்ட் உரிந்து கிடந்தன. பின்னது ஃபுல் ஃப்ளோட்டிங். ஜோங்காவுடையது என்று அவர் சத்தியம் செய்தார். ஜோங்கா என்பது ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை செய்த வண்டி. நிசான் பேட்ரோல் வழி வந்தது. பெரியண்ணே இல்லை என்று தலையாட்டினார். தகடு எதுவும் இல்லை. "பேரு எதுக்கு, பல்ல எண்ணுவோம்" என்றார்.

பல்லை எண்ண ஆக்ஸிலைத் திறக்க வேண்டியதில்லை. சாக்பீஸ் போதும். ஒரு பக்க ஹப்பை அசையாமல் கட்டிவிட வேண்டும். இன்னொரு ஹப்பில் ஒரு கோடு, ஜாயின்ட் பூட்டும் பினியன் ஃபிளாஞ்சில் ஒரு கோடு. ஹப்பைச் சரியாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஒரு பக்கம் கட்டியிருப்பதால் இரண்டு சுற்றுக்குத்தான் உள்ளே பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் ஒரு சுற்று வரும். அதற்குள் பினியன் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணினால் அதுதான் விகிதம். நான் ஹப்பைச் சுற்ற, பெரியண்ணே குத்தவைத்து எண்ணினார். பின் ஆக்ஸிலில் நாலு சுற்று முடிந்து ஐந்தாவது முடிய அரைக்கால் சுற்று குறைந்தது: 39க்கு 8 பல், 4.88. முன் ஆக்ஸிலில் ஐந்து சுற்று தாண்டி இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது: 43க்கு 8, அதாவது 5.38.

ஜோடி என்று சொன்னது ஜோடி இல்லை. இதை அப்படியே மாட்டி ஃபோர் வீல் போட்டிருந்தால் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் போக முயன்று ஒன்றையொன்று இழுக்கும். சேற்றில் சறுக்கி ஈடுகட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் டிரான்ஸ்பர் கேஸ்தான் பலி. கடைக்காரர் முகம் சுளிக்காமல் உள்ளே போய், ஒரு மணி நேரம் உருட்டிப் புரட்டி 4.88 உள்ள இன்னொரு முன் ஆக்ஸிலை இழுத்து வந்தார். அதில் மேலே இருக்க வேண்டிய, உள்காற்று வெளியேறும் மூச்சுக்குழாய் இல்லை. ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் போயிருந்தது. மூடியைத் திறந்தால் ஆயில், பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தது. பேரிங் எல்லாம் துரு. ஆனால் கிரவுன் பல்லில் குழி விழவில்லை. பேரிங் வாங்கிக்கொள்ளலாம், கிரவுன் பினியன் செட்டுக்கு எங்கே போவது? விலையில் நாலாயிரம் குறைத்து வாங்கினோம். இரண்டும் சேர்த்து 38,000 ரூபாய். ரசீதும் ஏலத் தாளின் நகலும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய சாமான் வாங்கும்போது இதற்குக் கூச்சப்படக் கூடாது. நாளைக்கு எவருடைய வண்டியிலிருந்து வந்தது என்று கேள்வி வந்தால் பதில் வேண்டும்.

எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, பேரிங், ஆயில் சீல் மாற்றி, கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே ஆட்டம் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் வரும்படி சிம் என்கிற மெல்லிய தகடு வைத்து, பல்லில் பெயிண்ட் தடவிச் சுற்றி உரசும் இடம் நடுவில் விழுகிறதா என்று பார்த்தார். இது பெரியண்ணேயின் வேலை. நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததோடு சரி. அதனால் இதில் உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை.

என் கை பட்டுக் கெட்டது வெல்டிங்கில். ஹவுசிங் குழாய் மேல் பட்டை உட்காரும் சீட்டுகளைப் புதிய இடத்தில் வைத்துப் பற்ற வேண்டும். எந்தக் கோணத்தில் வைக்கிறோமோ அந்தக் கோணத்தில் பினியன் மூக்கு நிற்கும். டிரான்ஸ்பர் கேஸிலிருந்து வரும் அச்சும் பினியன் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் ஜாயின்ட்டின் இரண்டு கிராஸும் ஒன்றன் குலுக்கலை மற்றொன்று சரிசெய்யும். பெரியண்ணே சொன்னது: "பொட்டு மட்டும் வை. வண்டிய தரையில இறக்கி, மூட்டைய ஏத்தி, பட்டை படிஞ்சப்புறம் கோணம் பாத்து முழுசா பத்தலாம்." அவர் அன்று மதியம் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டார். வெல்டர் மறுநாள் ஊருக்குப் போவதாகச் சொன்னார். வண்டி ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தபோதே முழுவதும் பற்றச் சொல்லிவிட்டேன்.

ஓட்டிப் பார்த்தால் முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் சீட்டுக்கு அடியில் ஒரு உறுமல். இருநூறு கிலோமீட்டருக்குள் பின் கிராஸ் வெந்து, அதன் ஊசி பேரிங் பவுடராகக் கொட்டியது. கிரைண்டர் வைத்து அறுத்து, தேய்த்து, மறுபடி. இந்தத் தடவை மூட்டை ஏற்றி, போனில் கோணம் காட்டும் ஆப்பை ஃபிளாஞ்ச் மேல் ஒட்டிவைத்து அளந்து பற்றினோம். குழாய் வளையாமல் இருக்க ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் அந்தப் பக்கம், நடுவில் ஆறவிட்டு. எர்த் கிளாம்பைப் பற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும் என்பதும் அன்று கற்றது. தூரத்தில் போட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் உருளையில் தழும்பு விழுந்துவிடும். யூ போல்ட்டுகளைப் புதிதாகத்தான் போட்டோம். ஒருமுறை இழுத்து இறுக்கியதை மறுபடி போட்டால் பிடிக்காது. இரண்டு நடை பாரம் போன பிறகு மீண்டும் இறுக்கினால் எல்லா நட்டும் அரைச் சுற்றாவது ஏறியது.

வண்டி ஏறியது. பாசிப் பாறையில் பன்னிரண்டு மூட்டையோடு முக்காமல் ஏறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். நானும் ஏற்றத்தைப் பற்றித்தான் பேசினேன். இறக்கத்தை ஒருவரும் கேட்கவில்லை.

முதல் வாரம் காலி வண்டியாக அடிவாரத்துச் சித்தரேவுக்கு இறங்கினேன். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வரை ஒன்றும் தெரியவில்லை. பெரும்பாறை தாண்டி முதல் பெரிய வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் முக்கால்வாசி கீழே போய்த்தான் பிடித்தது. இன்னொரு முறை மிதித்தால் மேலே வருகிறது. ஏழெட்டு வளைவுக்குள் பிரேக் லைனர் தீயும் வாடை. லோ ரேஞ்சில் இரண்டாவது கியருக்கு மாறி, ரோட்டோரம் மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். டிரம்மில் தண்ணீர் தெளித்தால் வெடிக்கும் என்று தெரியும். ஆறும் வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். எதிரே ஏறி வந்த வாழைத்தார் லாரிக்காரர் ஹாரன் அடித்து, "என்னண்ணே, அடுப்பு பத்த வச்சிட்டியளா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு தப்பு சேர்ந்து நடந்திருந்தது. ஒன்று, பழைய ஜீப்பின் டிரம் ஒன்பது அங்குலம், வந்தது பதினொன்று. டிரம் பெரிதானால் நல்லதுதான். ஆனால் அதற்குள் இருக்கும் வீல் சிலிண்டரும் பெரிது. அவற்றை நகர்த்த அதிக ஆயில் வேண்டும். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். பழைய சின்ன மாஸ்டர் ஒரு மிதியில் அவ்வளவு தள்ளாது. அதனால்தான் இரண்டாவது மிதி. பெரிய மாஸ்டர் போட்டோம். அதுவும் தனித்தனியாக முன்னுக்கும் பின்னுக்கும் வழி உள்ள டேண்டம் மாஸ்டர். பழையதில் ஒரே வழி, எங்கே ஒழுகினாலும் நாலும் போய்விடும். மாஸ்டர் பெரிதானதும் பெடல் கட்டையாகிவிட்டது, எழும்பி நின்று மிதிக்க வேண்டியிருந்தது. பூஸ்டர் தேவைப்பட்டது. பூஸ்டருக்குக் காற்றை உறிஞ்ச வாக்குவம் வேண்டும். டீசல் இன்ஜினில் அது தானாகக் கிடைக்காது. வாக்குவம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டர் வாங்கினோம். ஆக்ஸில் மாற்றப் போனவன் ஆல்டர்னேட்டர் கடையில் நிற்கிறேன். செலவு இப்படித்தான் ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்றாக வரும். ஆக்ஸில் தவிர மற்றதற்கு இன்னொரு 46,000 ஆனது. நாலு நாள் என்று ஆரம்பித்த வேலை இருபத்துமூன்று நாள்.

இரண்டாவது தப்பு விகிதம். பழைய ஆக்ஸிலின் 5.38இலிருந்து 4.88க்கு வந்ததில் வண்டி பத்து சதம் வேகமான கியருக்குப் போய்விட்டது. புது ஹப்பில் ஆறு போல்ட். டயர் மாட்டும் என் பழைய இரும்பு டிஸ்க் ஐந்து போல்ட். எப்படியும் டிஸ்க் மாற்ற வேண்டும், கூடவே டயரையும் பெரிதாக்கலாம் என்று 6.00-16க்குப் பதில் 7.00-16 போட்டிருந்தேன். இரண்டும் சேர்ந்து, அதே வேகத்தில் இன்ஜின் சுற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சமவெளியில் இது மைலேஜ். மலை இறக்கத்தில் இன்ஜின் பிடித்து நிறுத்தும் பலத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விட்டது என்று அர்த்தம். மிச்சம் முழுவதும் லைனர் தலையில். 7.00-16ஐ விற்றுவிட்டு அதே டிஸ்க்கில் பழைய அளவு டயருக்குத் திரும்பினேன். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டிஸ்க் வாங்க வேண்டும் என்பதை மறந்து, ஒரு மாதம் மாட்டவே முடியாத ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு திரிந்தேன். ஸ்பீடாமீட்டர் வயர் டிரான்ஸ்பர் கேஸிலிருந்து வருவதால் இப்போது நாற்பது என்று காட்டினால் நிஜத்தில் நாற்பத்துநாலு.

சின்ன விஷயம் ஒன்று. புது ஆக்ஸில் பழையதைவிட நாலு அங்குலம் அகலம். தோட்டப் பாதைகளில் தடம் விழுந்திருப்பது பல வருடமாக ஜீப் ஓடி ஓடி. என் வண்டிக்கு மட்டும் அந்தத் தடம் இப்போது பொருந்தவில்லை. ஒரு சக்கரம் பள்ளத்தில், ஒன்று மேட்டில், நண்டு மாதிரி சாய்ந்து போகிறது. மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்தியதால் ரப்பர் மடிப்பு வைத்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் பிரிவு 52, பதிவுச் சான்றிலுள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. செய்துவிட்டுப் போய் நிற்காமல், செய்வதற்கு முன்பே போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொள்வது நல்லது. நான் பின்னால்தான் போனேன், அலைந்தேன்.

போன ஜனவரியில், அதே பாசிப் பாறையில், அதே 'டக்'. இந்த முறை ஃபோர் வீல் போட்டிருந்தேன், ஹேண்ட்பிரேக் பிடித்தது. தம்பி சொல்லாமலே கட்டையோடு இறங்கினான். பலா மரத்தில் முக்கோணமாக அறுத்த இரண்டு கட்டைகள் சீட்டுக்கடியிலேயே இருக்கின்றன. வலது ஹப்பின் ஆறு போல்ட்டைக் கழற்றி இழுத்தால் பாதி சாஃப்ட் கையோடு வந்தது. சக்கரம் அசையாமல் நின்றது. ஹப் வாயில் பிளாஸ்டிக் பையை மடித்து வைத்து டேப் சுற்றி, முன்சக்கர இழுப்பிலேயே வீடு வந்து சேர்ந்தோம்.

ஒடிந்த முகத்தைப் பெரியண்ணே வெயிலில் திருப்பிப் பார்த்தார். பாதி கறுப்பு, பாதி பளபளப்பு. கறுப்பாக இருந்தது பழைய விரிசல். நான் வாங்கும்போதே இருந்தது. பளபளப்பு மட்டும்தான் அன்று ஒடிந்தது. அத்தனை பேரிங்கைப் பார்த்தோம், பல்லை எண்ணினோம், சாஃப்ட்டைத் துடைத்து அப்படியே மாட்டியிருக்கிறோம்.

மிச்சமிருந்த மூன்று சாஃப்ட்டையும் கழற்றச் சொன்னார். ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். காலையில் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸைப் பொடித்துப் பூசித் திண்ணையில் வரிசையாக வைத்தோம். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே வந்து பொடியை நனைக்கும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். இரண்டு வெள்ளையாக இருந்தன. மூன்றாவதில், பல் தொடங்கும் இடத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு ஈரக் கோடு.